தில்லி வீட்டு அறையில் கீரை: ஏ.சி. வாங்கும் முன் காற்றைக் கணக்கிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு அறைக்குள் விளக்கொளியில் கீரையும் லெட்யூஸும் வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை விதை, தட்டு, உரக்கரைசல் எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லியிருந்தது. அறையின் சூட்டை மட்டும், ஏ.சி. இருந்தால் போதும் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. தில்லியில் ஆசையோடு தொடங்குகிறவர்கள் ஜூலையில் ரேக்கைக் கழற்றிப் பரண்மேல் போடுவது அந்த ஒரு வரியில் விடுபட்ட விஷயங்களால்தான். விதை சரியில்லை என்பார்கள், உரம் சரியில்லை என்பார்கள். கோளாறு காற்றில் இருக்கும். இந்த ஊரில் ஓர் ஆண்டில் மூன்று விதமான காற்று வீசுகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை வறண்ட அனல், ஜூலை முதல் செப்டம்பர் வரை ஈரப் புழுக்கம், டிசம்பரிலும் ஜனவரியிலும் எலும்பைத் தொடும் குளிர். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு அடுத்ததற்கு உதவாது. பல சமயம் எதிராகவே வேலை செய்யும்.

கணக்கை விளக்கிலிருந்து தொடங்க வேண்டும். எல்.இ.டி. சூடாகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 600 வாட் இழுக்கும் எல்.இ.டி. அறைக்குள் 600 வாட் சூட்டை விடத்தான் செய்யும். ஒளியாக வெளிவந்ததும் இலையிலும் சுவரிலும் பட்டுக் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. செடி தன் உடம்பில் சேமித்துக்கொள்வது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். பழைய சோடியம் விளக்கைவிட இது மேலானது என்பதற்குக் காரணம், அதே வெளிச்சத்துக்குக் குறைந்த வாட் போதும் என்பதே. 10க்கு 10 அடி அறை, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளக்குகள் 600, சுழல் விசிறிகள் 100, பம்பு 40. மொத்தம் 740 வாட். இரட்டைக் கம்பி ரூம் ஹீட்டரை நாளுக்கு 14 மணி நேரம் ஓடவிட்டதற்கு ஏறக்குறைய சமம். விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான டிரைவரைத் தனியே கழற்ற முடிந்தால் வயரை நீட்டி அறைக்கு வெளியே மாட்டிவிடுங்கள். வாட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு டிரைவரிலேயே சூடாகிறது. அது அறைக்குள் வராமலே போகும்.

இந்தச் சூட்டை எக்ஸாஸ்ட் ஃபேனால் வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? வாட்டை 1.76 ஆல் பெருக்கி, வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடினால் பொறுக்கலாமோ அந்த எண்ணால் வகுத்தால் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று என்பது கிடைக்கும். 740 வாட், 4 டிகிரி என்றால் 326 சி.எஃப்.எம். கடைக்காரர் 400 சி.எஃப்.எம். என்று எழுதிய 6 அங்குல இன்லைன் ஃபேனை, அதாவது குழாயின் நடுவே பொருத்துகிற விசிறியைக் காட்டுவார். அந்த எண் குழாயும் வடிகட்டியும் இல்லாமல் வெறும் வெளியில் ஓடவிட்டு அளந்தது. வடிகட்டி, வளைவுகள், சுருங்கி நெளிந்த அலுமினியக் குழாய் எல்லாம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு எளிதாகப் போய்விடும். ஆகவே ஓர் அளவு பெரியதாக வாங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நல்லது; சத்தமும் குறையும். குழாயை இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள், வளைவை ஒன்றோடு நிறுத்துங்கள். சமையலறைச் சுவரில் பொருத்துகிற இறக்கை வகை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் குழாயின் எதிரழுத்தத்தைத் தாங்கும் பலமில்லை. சுவர் ஓட்டையில் நேராக வைத்தால் மட்டுமே அது பயன்படும்.

காற்று வெளியே போனால் போதாது, உள்ளே வர வழி வேண்டும். 326 சி.எஃப்.எம். மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நுழைய சுமார் 1.7 சதுர அடித் திறப்பு தேவை. பூச்சி வராமல் இருக்க 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை கட்டினால் காற்று தாராளமாக நுழைய அதைப்போல் மூன்று மடங்கு பரப்பு வேண்டும். வலையைச் சட்டமாக அடிக்காமல் பெட்டி போல மடித்துக் கட்டினால் அதே ஜன்னலில் அந்தப் பரப்பு கிடைத்துவிடும். நுழைவாய் தரையோரம், வெளியேற்றம் எதிர்மூலையில் கூரையோரம். இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் வந்த காற்று அப்படியே திரும்பிப் போகும், ரேக்கின் பின்பக்கம் அசையாமல் கிடக்கும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் ஊதுபத்தியை ஏற்றி ஒவ்வொரு தட்டின் மேலும் அரை நிமிடம் பிடியுங்கள். புகை செங்குத்தாக ஏறி விளக்கின் அடியில் தேங்குகிறதா, அங்கே காற்று செத்துக் கிடக்கிறது என்று பொருள். இலை நடுங்கும் அளவுக்குக் காற்று போதும். படபடவென்று அடித்துக்கொண்டால் அதிகம், விளிம்பு காய்ந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் அறையை வெளிக்காற்றைவிடக் குளிரவைக்காது. வெளியே 43 என்றால் உள்ளே 47தான். இங்கேதான் பலர் ஏ.சி.க்கு ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் காசு செலவில்லாத வேலை ஒன்று உண்டு: பகலையும் இரவையும் மாற்றிப் போடுவது. செடிக்கு நம் கடிகாரம் தெரியாது. விளக்கு எரிவதுதான் அதற்குப் பகல். கோடையில் இரவு 9 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 11 மணிக்கு அணைத்தால் 14 மணி நேரம் ஒளி கிடைத்துவிடும். ஏன் 7 மணிக்கே ஏற்றக்கூடாது? நடு மாடி வீடுகளில் தாராளமாக ஏற்றலாம். ஆனால் இங்கே பலரும் இதற்கென்று ஒதுக்குவது மொட்டை மாடியில் இருக்கும் பர்சாத்தி அறையை. அதன் கான்கிரீட் தளம் மதிய வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இறக்கும். மாலை 6 மணிக்கு வெளியே தணிந்திருக்கும். கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் தோசைக்கல்லின் ஓரம்போல இருக்கும். அந்த நேரத்தில் விளக்கையும் ஏற்றினால் இரண்டு சூடும் சேர்ந்து விழும். மார்ச்சிலேயே தளத்துக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அந்தச் செலவு ஏ.சி. பில்லில் திரும்பி வரும்.

இரவு விளக்கு முறைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மூடிய ஏ.சி. அறையில் செடிகள் கரியமில வாயுவைத் தின்று தீர்க்கும். வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 420 பங்குக்கு) மேல் இருக்கிறது. 6 சதுர மீட்டர் இலைப்பரப்பு நன்றாக வளரும்போது மணிக்கு ஒன்பது, பத்து கிராம் இழுக்கும். அறைக்குள் 350க்குக் கீழே போகாமலிருக்க அறைக் காற்று மணிக்கு மூன்று முறை மாறவேண்டும், அதாவது சுமார் 45 சி.எஃப்.எம். வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்றை 43 டிகிரி மதியத்தில் எடுத்தால் ஏ.சி.யின் தலையில் கிட்டத்தட்ட 400 வாட் கூடுதல் சுமை. இரவு 30 டிகிரியில் எடுத்தால் 100 வாட்டுக்கும் குறைவு. கரியமில வாயு ஒளி இருக்கும்போது மட்டுமே தேவை என்பதால் மதியத்தில் அந்த வழியைச் சாத்தியே வைக்கலாம்.

இனி கூலர். தில்லியில் பழைய தகரக் கூலரை மதிக்காமல் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மே மாதக் காற்றுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்ற மதியத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 24. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி விசிறிக் காற்றில் காட்டும் எண் அது. கூலர் எவ்வளவுதான் முயன்றாலும் அதற்குக் கீழே போக முடியாது. நல்ல தேன்கூட்டு அட்டை அந்த இடைவெளியில் 80 சதவீதம் தாண்டும். 42க்கும் 24க்கும் இடையே 18. அதில் 80 சதவீதம் 14.4. ஆக 27.6 டிகிரி, 75 சதவீத ஈரத்தோடு காற்று வரும். கீரைக்கு வேண்டிய காற்று கிட்டத்தட்ட அதுவேதான். இரவில் 30 டிகிரி, 35 சதவீதம் என்றால் 22 டிகிரியில் வரும். விளக்குச் சூட்டையும் சேர்த்தால்கூட 24ஐத் தாண்டாது. லெட்யூஸே சிரித்துக்கொண்டு வளரும். வெட்டிவேர்த் தட்டி மணக்கும், ஆனால் சீக்கிரம் அமுங்கி இடைவெளி விட்டுவிடும்; மரச் சீவலும் அப்படித்தான். சீசனுக்கு ஒருமுறை மாற்றியே தீரவேண்டும்.

கூலரில் செய்யும் தவறு ஒன்றுதான்: கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுவது. மணிக்கு 1,500 கன மீட்டர் ஈரக்காற்றைத் தள்ளுகிற கருவிக்கு, எதிர்ப்பக்கம் 2 சதுர அடிக்குக் குறையாத திறப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அறை இட்லிக் கொப்பரை ஆகிவிடும். தில்லித் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அட்டையில் வெள்ளைப் படிவு ஏறும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுதாகக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிடும் இடமும் அதுதான்.

மழை வந்த அன்றே கூலரை நிறுத்துங்கள். 35 டிகிரி, 70 சதவீதம் என்ற ஜூலை மதியத்தில் ஈரக்குமிழ் 30ஐத் தாண்டிவிடும். அதே கூலர், அதே அட்டை, இப்போது 31 டிகிரியில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தோடு காற்றை அனுப்பும். இலை வியர்க்க முடியாது. வியர்க்காத இலைக்கு வேரிலிருந்து தண்ணீர் ஏறாது, தண்ணீரோடு வரவேண்டிய கால்சியமும் ஏறாது. லெட்யூஸின் நடுவில் சுருண்டிருக்கும் இளம் இலையை விரித்துப் பாருங்கள். விளிம்பு முதலில் எண்ணெய் பட்ட காகிதம்போலத் தெரியும், இரண்டு நாளில் பழுப்புக் கோடாகும், பிறகு அழுகும். உடனே கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டுவார்கள். கரைசலில் கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஏற்றிவிட ஆளில்லை என்பதே பிரச்சினை. சின்ன விசிறி ஒன்றை மேலிருந்து செடியின் நடுக்குருத்தைப் பார்த்து வைப்பது உரத்தைவிட அதிகம் உதவும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏ.சி.க்கு உண்மையான வேலை உண்டு. நடு மாடியில் மேற்சொன்ன அறைக்கு 1 டன் போதும், பர்சாத்திக்கு 1.5 டன். 1 டன் என்பது 3.5 கிலோவாட், அது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த எண், 45இல் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று 2 டன் வாங்காதீர்கள். பெரிய ஏ.சி. ஐந்து நிமிடத்தில் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அவகாசம் கிடைக்காது; குளிர்ந்த சதுப்பு நிலம்தான் மிஞ்சும். ஈரம் போகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று: ஏ.சி.யின் வடிகுழாய் அடியில் பக்கெட் வையுங்கள். 24 மணி நேரத்தில் செடிகளுக்கு ஊற்றி, வடிந்தது போக, 8 லிட்டர் குறைந்திருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதி காற்றில்தான் ஏறியிருக்கிறது. பக்கெட்டில் குறைந்தது அந்த அளவாவது வரவேண்டும். 5 லிட்டர்தான் வந்தால் மீதி சுவரிலும் இலையிலும் உட்கார்ந்திருக்கிறது. அப்போது காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் தேவைப்படும். அதன் மேல் எழுதிய நாளுக்கு 20 லிட்டர் என்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் எடுப்பது. 25 டிகிரி, 60 சதவீதத்தில் பாதிதான் வரும். எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 0.68 யூனிட் சூட்டையும், தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் அதே அறையில் விடும். விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் ஓட்டுவதே உசிதம்.

அந்த அணைகிற நேரம்தான் அறையின் மிக ஆபத்தான நேரம். விளக்கு எரிகையில் 27 டிகிரி, 65 சதவீதம். அணைந்ததும் ஏ.சி. 21க்கு இறக்கிவிட்டால், காற்றிலிருந்த அதே நீர் இப்போது 93 சதவீதம். சாம்பல் பூசணம் பிடிக்க இது போதும். விளக்கு அணைந்த பிறகும் சுழல் விசிறிகள் ஓடட்டும். இருட்டு நேர ஏ.சி.யை 24க்குக் கீழே வைக்காதீர்கள்.

செடியின் காலையும் மறந்துவிடக் கூடாது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30இல் 7.6தான். 25ஐத் தாண்டினால் லெட்யூஸ் வேர் பழுப்பேறி வழவழக்கத் தொடங்கும். உரக்கரைசல் தொட்டியை ரேக்கின் அடியில் தரையில் வைத்து தெர்மாகோல் சுற்றுங்கள். அவசரத்துக்கு ஒரு லிட்டர் பனிக்கட்டி பாட்டிலை மூடியோடு 40 லிட்டரில் போட்டால் இரண்டரை டிகிரி இறங்கும்.

இத்தனையும் வேண்டாம் என்றால், பயிரை மாற்றுங்கள். என் கருத்தில் மழைக்காலத் தில்லிக்கு லெட்யூஸ் தேவையே இல்லை. நம் முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை 30 முதல் 35 டிகிரி வரை சந்தோஷமாக வளரும். சூட்டிலும் சோர்வில்லாமல் உணவு தயாரிக்கிற வகைச் செடிகள் அவை. வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனில் ஆகஸ்டைக் கடந்துவிடலாம். காளான் வளர்ப்பவர்களுக்கும் இதுவே: கோடையில் மொட்டுக் காளானுக்கு 14 முதல் 18 டிகிரி கொடுக்கப் போராடுவதைவிட, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளான் 30 முதல் 35 டிகிரியிலேயே முளைக்கும். ஆனால் காளானையும் கீரையையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம். காளானுக்கு 85 சதவீத ஈரம் வேண்டும், அது இலைக்கு நோய். அதன் வித்துத்தூள் நுரையீரலுக்கும் ஆகாது. எக்ஸாஸ்ட் குழாயை மாடிப்படிப் பக்கம் திறந்துவிடாதீர்கள், அண்டை வீட்டாரும் மூச்சு விடவேண்டும்.

குளிர்காலத்தில் தொல்லை குறைவு. அப்போதும் விளக்கு இரவில்தான், இம்முறை கணப்புக்காக. ஃபேனை அறவே நிறுத்தினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வடியும், மெதுவாக ஓடட்டும். அக்டோபர் கடைசியில் புகைமூட்டம் தொடங்கியதும் நுழைவாய் வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிக் கழுவுங்கள், விளக்கின் முகத்தையும் துடையுங்கள்.

எண்களை நம்பிச் செய்கிற வேலை என்பதால் கருவியைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டி நாடே பேசியது. பிறகு அந்த உணரி 3 டிகிரி அதிகம் காட்டியதாக வானிலைத் துறையே அறிவித்தது. அரசு நிலையத்துக்கே அப்படியென்றால் சில நூறு ரூபாய்க் கருவியை என்ன சொல்வது? ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு ஜிப் பையில் 12 மணி நேரம் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்டவேண்டும். 81 காட்டினால் எப்போதும் 6 கழித்துப் படியுங்கள். கருவியை இலை மட்டத்தில், விளக்கு நேராகப் படாமல் ஒரு காகித மறைப்பின் கீழ் தொங்கவிடுங்கள். சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

மின் பாதுகாப்பில் மூன்று. தண்ணீர் புழங்கும் அறை, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். விளக்குகள் ஒரு தெர்மோஸ்டாட் வழியாக ஓடட்டும், 34 டிகிரியில் தானாக அணையும்படி. மின்வெட்டு முடிந்து விளக்கு உடனே எரியும், ஏ.சி.யின் கம்ப்ரசர் சில நிமிடம் தாமதித்தே வரும், சில பழைய ஏ.சி.கள் வராமலே போகும். வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கை இணைக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் இணையுங்கள்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வானிலைப் பெட்டியில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையோடு மாலை 5.30 மணி ஈரப்பதத்தையும், முடிந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் நாள்தோறும் அச்சிடுங்கள். வானிலைத் துறை காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் ஈரப்பதத்தை அளந்து தருகிறது. அந்த ஓர் எண் இருந்தால், இன்று கூலரா, எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏ.சி.யா என்பதைக் கீரை வளர்ப்பவர் காப்பியோடு பேப்பரைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார். கூலர் மட்டுமே வைத்திருக்கும் வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதே எண்தான் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உள்ளறைச் சாகுபடியில் இருக்கும் வாசகர்,
மயூர் விஹார், தில்லி